ராஜா ஐந்நூறு

ஜும்மா தொழுகை முடிந்து குதைபியா கடைகள் ஷட்டரைத் தூக்கிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஜெயசீலன் உள்ளே வந்து போனைக் கண்ணாடி மேசைமேல் எறிந்தார்.

"கீபோர்டு போச்சு. மாத்திக் குடு."

அம்மையப்பன் போனை எடுத்துப் பார்த்தான். அந்தக் கடையில் போன் ரிப்பேர் பார்ப்பவன் அவன்தான். பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து பஹ்ரைனுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. ஜெயசீலனுக்கு அறந்தாங்கி. நாற்பத்தைந்து வயது, கம்பி கட்டுகிற வேலை, சல்மாபாத் கேம்பில் இருப்பு. வெள்ளிக்கிழமை மட்டும் கம்பெனி பஸ்ஸில் குதைபியாவுக்கு வந்து சாப்பிட்டு, சாமான் வாங்கிக்கொண்டு போகிறவர். ஒருநாளும் குரலை உயர்த்திப் பேசி அம்மையப்பன் கேட்டதில்லை.

ஒவ்வொரு எழுத்தாக அமுக்கிப் பார்த்தான். எல்லாம் விழுந்தது.

"கீபோர்டு நல்லாதானே இருக்கு அண்ணே?"

"நல்லா இருந்தா ஏன் அடிக்கிறத எடுத்துக்க மாட்டேங்குது? காலைலேர்ந்து முப்பது தடவ அடிச்சிட்டேன்!"

"எதுல?"

ஜெயசீலன் வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, பச்சை நிற ஆப் ஒன்றைத் திறந்து காட்டினார். அம்மையப்பனுக்கு அது தெரிந்த ஆப்தான். கிரிக்கெட்டுக்குப் பணம் கட்டலாம். விமான ஆட்டமும் உண்டு: காசு வைத்தால் ஒரு சின்ன விமானம் மேலே ஏறும். அது வெடிப்பதற்குள் கையை எடுத்துவிட்டால் காசு. மேலே ஜெயசீலன் பெயர், பக்கத்தில் ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய்.

"இது நீங்க போட்ட காசா?"

"ஜெயிச்சதுடா. ஏழு மாசமா தோத்து தோத்து, நேத்துதான் மொத தடவையா ஜெயிச்சேன். என் லீவு சம்பளம் மொத்தமும் இதுக்குள்ளதான் போச்சு. பாதியாவது திரும்பி வருதேன்னு எடுக்கப் போனா பூட்டி வச்சிருக்கான். ப்ரோமோ கோட் போட்டாத்தான் தெறக்குமாம். கோட் போட்டா எடுக்க மாட்டேங்குது."

கோட் டெலிகிராம் குரூப்பில் வந்ததாம். ராஜா என்று ஆங்கிலத்தில் நான்கு எழுத்து, பின்னால் ஐந்நூறு. லாரி நம்பர் சொல்வதுபோல ஜெயசீலன் அதை மனப்பாடமாகச் சொன்னார்.

அம்மையப்பன் அடித்தான். சிவப்பில் ஒரு வரி வந்தது: இந்தக் கோட் இந்தக் கணக்குக்குப் பொருந்தாது.

ஐந்நூறில் வருவது சைபரா, 'ஓ' என்ற எழுத்தா என்ற சந்தேகத்தில் மாற்றி அடித்தான். சிவப்பு. எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கினான். சிவப்பு. டெலிகிராமிலிருந்து காப்பி எடுத்து ஒட்டும்போது கடைசியில் ஒரு இடைவெளி சேர்ந்துகொள்ளும், பல பேருக்கு அதுதான் கோளாறு. அதை அழித்துவிட்டுப் போட்டான். அதற்கும் சிவப்பு. ஆப்பின் பழைய குப்பையை எல்லாம் துடைத்தான், புதிய பதிப்பை ஏற்றினான், போனின் தேதியும் மணியும் சரியா என்று பார்த்தான், வி.பி.என்னை நிறுத்தினான், மறுபடி போட்டான்.

ஒவ்வொரு தடவை சிவப்பு வரும்போதும் ஜெயசீலன் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். நடுவில் போன் அடித்தது. திரையில் சரோஜா என்று வந்தது. அவர் வெடுக்கென்று கையை நீட்டி அதை நிறுத்தினார்.

"அண்ணி கூப்பிடுறாங்க அண்ணே."

"தெரியும். தெனம் நாலு தடவ கூப்பிடுறா. கம்பெனி இன்னும் லீவு சம்பளம் போடலன்னு சொல்லி வச்சிருக்கேன். எத்தன நாளைக்குச் சொல்லுவேன்? நீ கோட்ட பாரு."

கடைசியாக அம்மையப்பன் ஆப்புக்குள்ளேயே இருந்த உதவிப் பெட்டியைத் திறந்தான். அங்கே பிரியா என்று ஒருத்தி. ஆளோ மிஷினோ, தெரியவில்லை.

"அன்பான ஜெயசீலன், உங்கள் வருத்தம் எங்கள் வருத்தம். தயவுசெய்து ஐயாயிரம் ரூபாய் டெபாசிட் செய்து கோட் போட்டு மீண்டும் முயற்சிக்கவும்" என்று வந்தது.

ஜெயசீலன் சட்டைப்பையிலிருந்து பேங்க் கார்டை எடுத்தார். அம்மையப்பன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, கொஞ்சம் இருங்க. ஏன் பொருந்தலன்னு மொதல்ல சொல்லட்டும்."

அதையே எழுதிக் கேட்டான். பிரியா மறுபடி வருத்தப்பட்டாள். மறுபடி கேட்டான். மூன்றாவது தடவைக்குப் பதில் வந்தது.

"உங்கள் கணக்கு பார்ட்னர் மூலம் திறக்கப்பட்டது. உங்கள் பார்ட்னர் தரும் கோட் மட்டுமே செல்லும். பார்ட்னர் விவரத்தை செட்டிங்ஸில் பார்க்கவும்."

"என்ன பார்ட்னரு? எனக்கு ஏது பார்ட்னரு?" என்றார் ஜெயசீலன்.

அம்மையப்பன் செட்டிங்ஸுக்குப் போனான். ஐந்தாறு பட்டனுக்குக் கீழே, யாரும் போய்ப் பார்க்காத இடத்தில் இருந்தது. உங்கள் பார்ட்னர்: அருள்ராஜ், சல்மாபாத். அதற்கும் கீழே பொடி எழுத்தில், 'நீங்களும் பார்ட்னர் ஆகுங்கள்' என்றிருந்தது. அதை அமுக்கினான். நண்பர்களைச் சேருங்கள், அவர்கள் இழக்கும் தொகையில் முப்பது சதவீதம் வரை உங்களுக்கு.

'இழக்கும்' என்ற சொல்லில் அவன் கண் நின்றது. சேரும்போது அல்ல, ஜெயிக்கும்போது அல்ல. இழக்கும்போது. சத்தமாகப் படித்துக் காட்டினான்.

அருள்ராஜ், ஜெயசீலன் கம்பெனியின் டைம்கீப்பர். யார் வேலைக்கு வந்தார்கள், யாருக்கு எத்தனை மணி ஓவர்டைம் என்று எழுதுகிறவர். யாருக்கு எப்போது லீவு சம்பளம் வருகிறது என்பதும் அவருக்குத்தான் முதலில் தெரியும். இங்கிலீஷ் தெரிந்தவர், பேராவூரணிக்காரர், கேம்பில் எல்லாருக்கும் 'அருள் சார்'.

"அவருதான் ரூம்ல உக்காந்து எனக்கு இதுல அக்கவுண்ட் தெறந்து குடுத்தாரு" என்றார் ஜெயசீலன் மெதுவாக. "நான் தோக்குறப்பல்லாம் தோள்ல கைய போட்டு டீ வாங்கித் தருவாரு. விடுங்கண்ணே, அடுத்த தடவ புடிச்சிரலாம்னு சொல்லுவாரு."

அம்மையப்பனுக்குக் காது சூடானது. அந்த ஆப் பிளே ஸ்டோரில் கிடைக்காது. தனியாக ஃபைலை இறக்கி, போனின் பாதுகாப்பைத் தளர்த்தித்தான் ஏற்ற வேண்டும். ஏழெட்டு மாசமாகவே வெள்ளிக்கிழமையானால், 'அருள் சார் அனுப்பினாரு' என்று சொல்லிக்கொண்டு ஆட்கள் போனை நீட்டுவார்கள். ஒரு போனுக்கு அரை தினார். அவன் ஏற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தான். ஏன், எதற்கு என்று ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஜெயசீலனுக்கு ஏற்றியதும் அவன்தான்.

"வாங்கண்ணே" என்று எழுந்தான். "அந்த ஆளு இப்ப மெஸ்லதான் இருப்பாரு."

போலீஸுக்குப் போகலாமா என்ற பேச்சே இருவரிடமும் வரவில்லை. இந்த நாட்டில் சூதாட்டம் குற்றம். புகார் கொடுக்கப் போனவன்தான் முதலில் உள்ளே இருப்பான். அருள்ராஜுக்கு அது தெரியாமலா இருக்கும்?

மெஸ் அடுத்த சந்தில், மாடியில். வெள்ளிக்கிழமை மத்தியானம் சல்மாபாத் கேம்ப் ஆட்கள் இருபது பேராவது அங்கே சோறும் மீன்குழம்புமாக உட்கார்ந்திருப்பார்கள். ஜன்னலோர மேசையில் அருள்ராஜ் யாருக்கோ விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. இவர்களைப் பார்த்ததும் சிரித்தார்.

"வாங்கண்ணே. என்ன, அம்மையப்பனும் கூட வந்துருக்கான்? ரெண்டு டீ சொல்லவா?"

ஜெயசீலன் போனை அவர் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"இது என்ன சார்? நான் தோத்தா உங்களுக்குப் பங்கா?"

அருள்ராஜ் திரையைப் பார்த்தார். முகம் மாறவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

"அது ஒரு சிஸ்டம்ண்ணே. யாராவது ஒருத்தர் பேர் இருந்தாத்தான் அக்கவுண்டே தெறக்கும். அத விடுங்க. இப்ப உங்க பிரச்சன என்ன? கோட் விழல. அவ்வளவுதானே? டெலிகிராம்ல வர்ற கண்ட கோடும் விழாது. என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

ஒரு காகிதத்தில் எட்டு எழுத்து எழுதித் தள்ளினார். ஜெயசீலன் அதைப் பார்த்தார், அம்மையப்பனைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

"போடாதீங்க அண்ணே" என்றான் அம்மையப்பன்.

"என் காசுடா அது."

அடித்தார். சட்டென்று பச்சை வந்தது. பூட்டு திறந்து, காகிதப் பூ கொட்டுவது மாதிரி திரை முழுக்க மின்னியது. ஜெயசீலன் முகத்தில் இருந்த கோபம் முழுக்க வடிந்துவிட்டதை அம்மையப்பன் கண்ணால் கண்டான். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"பாத்தீங்களா? வாழ்த்துகள்ண்ணே" என்றார் அருள்ராஜ்.

ஜெயசீலன் பணம் எடுக்கும் பட்டனை அமுக்கினார். கீழே ஒரு புது வரி வந்தது. இந்தத் தொகையை எடுக்க, முதலில் இதைப்போல் இருபது மடங்குக்கு விளையாடியிருக்க வேண்டும்.

"இருபது மடங்கா?"

"சும்மா ரவுண்டு ஓட்டணும்ண்ணே. பெருசு பெருசா வச்சா சீக்கிரம் முடிஞ்சிரும். ஜெயிச்ச கைதானே, ராசி இருக்குறப்பவே முடிச்சிருங்க."

"அண்ணே, போனக் குடுங்க" என்று அம்மையப்பன் கையை நீட்டினான். ஜெயசீலன் அவனைத் தள்ளிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அம்மையப்பன் பிடுங்கப் பார்த்தான். அவர் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "எட்டப் போ!" என்று கத்தினார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

விமானம் ஏறியது. முதல் ரவுண்டில் கொஞ்சம் கூடியது. இரண்டாவதிலும் கூடியது. மூன்றாவதில் கால்வாசி போனது. நான்காவதில் போனதைப் பிடிக்க இரண்டு பங்காக வைத்தார். விமானம் ஏறின உடனே வெடித்தது. அவர் உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. சொல்லியிருந்த டீ மேசைக்கு வந்து சேர்வதற்குள் மேலே இருந்த எண் சைபராகிவிட்டது.

அருள்ராஜ் எழுந்து வந்து அவர் தோளில் கையை வைத்தார்.

"விடுங்கண்ணே. அடுத்த தடவ..."

அம்மையப்பன் அந்தக் கையைப் பிடித்து விலக்கி எறிந்தான். பக்கத்து மேசைத் தம்ளர் உருண்டு விழுந்தது.

"கைய எடுய்யா! தொட்ட அவ்வளவுதான்!" அவன் குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. மெஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தினான். "எல்லாரும் போன எடுங்க! பச்ச ஆப் இருக்குறவங்க எல்லாரும் எடுங்க. செட்டிங்ஸ்ல கடைசிக்குப் போங்க. உங்க பார்ட்னர்னு ஒண்ணு போட்டிருக்கும். யாரு பேருன்னு படிங்க!"

முதலில் யாரும் அசையவில்லை. பிறகு மூலையில் ஒருவன் எச்சில் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான்.

"அருள்ராஜ்" என்று படித்தான்.

"எனக்கும் அருள்ராஜ்."

"இதுலயும் அதான்யா போட்டிருக்கு."

ஒவ்வொரு மேசையாக அந்தப் பெயர் வந்துகொண்டிருந்தது. அம்மையப்பன் அந்த முப்பது சதவீத வரியைப் படித்தான். "நீங்க தோத்தா அதுல இவருக்குப் பங்கு. நீங்க ஜெயிச்சா ஒண்ணும் கெடையாது. இப்பப் புரியுதா, ஏன் டீ வாங்கிக் குடுக்குறாருன்னு?"

நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. நாலைந்து பேர் ஜன்னலோர மேசையைச் சுற்றி வந்துவிட்டார்கள். அருள்ராஜ் முதல் தடவையாக எச்சில் விழுங்கினார். ஆனால் தடுமாறவில்லை.

"நான் யாரையாவது கையப் புடிச்சு இழுத்தேனா? நீங்களாத்தானே கேட்டு வந்தீங்க? சரி, நான் தப்பானவன். இந்த ஆப்ப உங்க போன்ல ஏத்துனது யாரு? அதையும் கேளுங்களேன். தலைக்கு அர தினார் வாங்குனது யாரு?"

எல்லார் பார்வையும் அம்மையப்பன்மேல் திரும்பியது. இல்லை என்று சொல்ல முடியாது. தெரியாது என்று சொல்லலாம். அது பாதி உண்மை.

"நான்தான்" என்றான். "நான்தான் ஏத்துனேன். என்னான்னு கேக்காம ஏத்துனேன்."

ஜெயசீலன் நாற்காலியிலிருந்து எழுந்தார். நேராக அம்மையப்பனிடம் வந்தார். ஓங்கி ஒரு அறை. மூக்குக்கும் காதுக்கும் நடுவே தீ மாதிரி எரிந்தது.

"ஏன்டா இப்ப வந்து சொல்ற? அன்னைக்கு எங்கடா போச்சு உன் வாயி?"

இன்னொரு அறை விழுந்தது. யாரோ அவரைப் பிடித்து இழுத்தார்கள். அந்தச் சந்தடியில் அருள்ராஜ் காகிதங்களைப் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கிவிட்டார். அவரை ஒருவரும் தொடவில்லை. சனிக்கிழமை சைட்டில் அவர்தான் ஓவர்டைம் எழுத வேண்டும். போன் ரிப்பேர்க்காரனை அடித்தால் சம்பளம் குறையாது. கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு நின்ற அம்மையப்பனுக்கு அது புரிந்தது. வலியைவிட அதுதான் எரிந்தது.

கடைக்குத் திரும்பியபோது முதலாளி ஜெய்னுலாப்தீன் வந்திருந்தார். கன்னத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார். அம்மையப்பன் ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்து, கடைசியில் கல்லாவை அறைந்து சாத்தினார்.

"கிரிக்கெட் ஸ்கோர் பாக்குற ஆப்புன்னுல்ல எங்கிட்ட சொன்னே?"

"நீங்க கேட்டப்ப வாய்க்கு வந்தத சொல்லிட்டேன் பாய்."

"எங்கடையில சூதாட்டமா? அந்தக் காசையா எம்புள்ளைங்களுக்கு நான் சோறா போட்டேன்? யா அல்லாஹ்!" வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்றுதான் அம்மையப்பன் நினைத்தான். ஆனால் அவர் சொன்னது வேறு. "எத்தன பேருக்கு ஏத்துனியோ அத்தன பேரையும் கூப்பிடு. ஒவ்வொருத்தனுக்கும் அத எடுத்துவிடு. காசு வாங்காத. முடிக்கிற வரைக்கும் எங்கிட்ட பேசாத."

அடுத்த வெள்ளிக்கிழமை ஆறு பேர் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் மூன்று பேர். ஆப்பை எடுத்து, அது மறுபடி ஏறாதபடி அம்மையப்பன் போனைப் பூட்டிக் கொடுத்தான். இரண்டு பேர் வந்து ரகசியமாக, "அருள் சார் குடுத்த அந்த எட்டு எழுத்து என்ன? எங்களுக்கும் பூட்டிதான் இருக்கு" என்று கேட்டார்கள். அவர்களைத் திட்டி அனுப்பினான். போனில் கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் எடுக்கவே இல்லை.

மெஸ் சண்டைக்கு அடுத்த வாரமே சைட்டில் அருள்ராஜ் ஜெயசீலனுக்கு இரண்டு நாள் ஆப்சென்ட் போட்டார். இரண்டு நாளும் அவர் வெயிலில் கம்பி கட்டியிருந்தார். அதைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்கு ரோஷம் வந்தது. கம்பி கட்டுகிற பதினான்கு பேர், அருள்ராஜ் எழுதின தாளில் கையெழுத்துப் போட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஆப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் வெளியே விடவில்லை; விட்டால் அவர்களுக்கும் ஆபத்து. ஆப்சென்ட்டைப் பற்றி மட்டும் பேசினார்கள். நான்காம் நாள் கம்பெனி அருள்ராஜை ஹித் பக்கம் வேறொரு சைட்டுக்கு மாற்றியது. அங்கேயும் முந்நூறு பேர் இருக்கும் கேம்ப். அதைக் கேள்விப்பட்டபோது அம்மையப்பன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைச் சுவரில் எறிந்தான்.

ஒரு மாசம் கழித்து ஜெயசீலன் கடைக்கு வந்தார். அடித்ததைப் பற்றி அவர் பேசவில்லை, இவனும் பேசவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அம்மையப்பா, உங்க அண்ணிக்கு நீயே விஷயத்தச் சொல்லிடு. என்னால வாயத் தெறக்க முடியல."

"முடியாதுண்ணே. நீங்கதான் சொல்லணும். நான் பக்கத்துல இருக்கேன்."

அவர் வெகுநேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னார். ஏழு மாசம், லீவு சம்பளம், பொய், மெஸ்ஸில் போனது, எல்லாம். லைன் அறுந்துவிட்டதோ என்று அம்மையப்பன் எட்டிப் பார்த்தான்.

"நாலு மாசமா தெனம் பேங்குக்குப் போய்ப் பாத்துட்டு வரேன்" என்றாள் சரோஜா. குரல் உயரவில்லை. "கவுண்டர்ல இருக்குற பொண்ணு என்னப் பாத்தாலே மொகத்த திருப்பிக்குது. உங்ககூட நான் அப்புறம் பேசிக்கிறேன். உங்களுக்கு இருக்கு. மொதல்ல அந்தாளு எந்த ஊருன்னு சொல்லுங்க."

"யாரு?"

"அந்த அருள்ராசு. வீடு எங்க?"

"பேராவூரணி. அங்க போய் என்ன பண்ணப் போற? காசு வராது சரோஜா."

"காசு கேக்கப் போகல" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

நான்காம் நாள் முற்பகலில் கடை போன் அடித்தது. அம்மையப்பன் எடுத்தான். அருள்ராஜ்.

"ஏன்டா, எங்க வீட்டுக்கா பொம்பளைங்கள அனுப்புறீங்க? ஜெயசீலன் பொண்டாட்டியும், கேம்ப் ஆளுங்க பொண்டாட்டிங்க இன்னும் ரெண்டு பேரும் வாசல்ல நிக்கிறாளுங்கடா! தெருவே வேடிக்க பாக்குது. எம்பொண்டாட்டி சங்கீதா டீச்சர்டா, அந்தத் தெருவுல பாதிப் பிள்ளைங்க அவகிட்டதான் படிக்குது! அவளே போன எடுத்து, இந்த வீடு எந்தக் காசுல கட்டுனதுன்னு என்னையே கேக்குறா! அவங்கள அங்கேருந்து போகச் சொல்லு! இப்பவே சொல்லு! என்ன வேணும் உங்களுக்கு? சொல்லித் தொலைங்கடா!"

இஸ்திரி போட்ட அந்தக் குரல் கிழிந்து தொங்கியது. அம்மையப்பன் அவரைக் கத்தவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அவங்க என்ன கேக்குறாங்களோ அதுக்குப் பதில் சொல்லுங்க சார்" என்றான். "கடையில ஆள் நிக்கிறாங்க."

போனை வைத்துவிட்டு, வரிசையில் முதலில் நின்றவரின் உடைந்த திரையை வாங்கிப் பார்த்தான்.